ஜன்னலோரம் பத்து நாள்: கொரோனா காலத்தில் வீட்டுக்குப் பின்னால் என்ன நடந்தது?

2021 மே மாதம், கத்திரி வெயில் உச்சத்தில் இருந்தபோது எனக்குக் கொரோனா வந்தது. கிருஷ்ணகிரி நகரை விட்டுக் கொஞ்சம் தள்ளியிருக்கும் எங்கள் வீட்டில் பின்பக்க அறையை எனக்கு ஒதுக்கினார்கள். அறிகுறி தெரிந்த நாளிலிருந்து 10 நாள், அதில் கடைசி 3 நாள் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. அம்மா கதவருகே ஒரு முக்காலி போட்டு, அதன் மேல் சாப்பாட்டை வைத்து, கதவைத் தட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். காலையில் கபசுரக் குடிநீர், நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை விரலில் ஆக்சிமீட்டர். மீதி நேரமெல்லாம் ஜன்னல்தான்.

அதில் தெரிவது பெரிய காட்சி ஒன்றும் இல்லை. ஒரு பெங்களூரா மாமரம், கறிவேப்பிலைச் செடி, துணி துவைக்கிற கல், பக்கத்து மனை வேலியில் எருக்கு, அதற்கும் அப்பால் ஒரு கிழட்டுப் புளியமரம். (‘கொல்லைப்புறம்’ என்று எழுதத்தான் கை வருகிறது. ஆனால் எங்கள் பக்கம் கொல்லை என்றால் ராகியும் அவரையும் விளைகிற மானாவாரி நிலம். அதனால் ‘பின்னாடி’ என்றே வைத்துக்கொள்வோம்.) பதினைந்து வருடமாக அந்த வீட்டில் இருக்கிறேன். அந்த ஜன்னலைத் திறந்து பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் வெளியே பார்த்தது அதுதான் முதல் தடவை.

மூன்றாம் நாளே எனக்குத் தோன்றிவிட்டது: குருவிகள் எல்லாம் திரும்பி வந்துவிட்டன! அந்தக் காலத்தில் எல்லாருக்கும் தோன்றியதுதான். மனிதன் உள்ளே போனான், இயற்கை வெளியே வந்தது என்று போனுக்குப் போன் வீடியோ பறந்தது. அதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு நம் கற்பனை என்று அப்புறம் உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பொய்களை ஓரம் கட்டிவிடலாம். 2020 மார்ச்சில் வெனிஸ் நகரக் கால்வாயில் டால்பின்கள் நீந்துவதாகச் சுற்றிய வீடியோ, அங்கிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளி சார்டினியா தீவின் துறைமுகத்தில் எடுத்தது. நம் பக்கத்துக் கேரளத்தில், கோழிக்கோடு மாவட்டத்துச் சாலை ஒன்றில் ஒரு புனுகுப்பூனை நடந்துபோன வீடியோ வந்தது. அழிந்தேவிட்டதோ என்று அஞ்சப்படும் மலபார் புனுகுப்பூனை அது என்று பரப்பினார்கள். விவரம் தெரிந்தவர்கள் பார்த்துவிட்டு, பரவலாகக் காணப்படும் சின்னப் புனுகுப்பூனைதான் என்றார்கள். ராத்திரி வெளியே நடமாடுவது அதன் வாடிக்கை. பகலில் ஆளில்லாத ரோட்டைக் கடந்ததும் செய்தியாகிவிட்டது. எங்கள் மாவட்டத்திலும் யானை வந்தால் ஊரடங்கோடு முடிச்சுப் போட்டவர்கள் உண்டு. தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைக் காட்டுப் பக்கம் இருப்பவர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். பன்னேர்கட்டா பக்கமிருந்து ஒவ்வொரு வருடமும் ராகி முற்றுகிற பருவத்தில் யானைக் கூட்டம் இறங்கும். அதற்கு ஊரடங்கு வேண்டியதில்லை.

சரி, என் ஜன்னலுக்கு வருவோம். அங்கே பொய் வீடியோ எதுவும் இல்லை. விடிவதற்கு முன்பே குயில் கூவியது, குக்குறுவான் மதியம் முழுக்க டொக் டொக்கென்று செம்பு தட்டியது, தவிட்டுக் குருவிகள் கத்தித் தீர்த்தன. இதெல்லாம் என் காதில் விழுந்த நிஜம். ஆனால் இவை முன்பைவிடக் கூடிவிட்டனவா என்பது வேறு கேள்வி.

பருவத்தை முதலில் பார்க்க வேண்டும். நாட்டின் முதல் ஊரடங்கு 2020 மார்ச் 25-ல் தொடங்கியது. தமிழ்நாட்டின் இரண்டாம் அலை முழு ஊரடங்கு 2021 மே 10-ல். இரண்டுமே பறவைகள் இணை சேர்ந்து கூடு கட்டுகிற கோடையில் விழுந்தன. ஆண் குயில் பெரும்பாலும் மார்ச்சில் தொண்டையைத் திறந்தால் ஜூலை வரை விடாது. கூவுவது கறுத்த ஆண்தான். புள்ளி போட்ட பழுப்புநிறப் பெண்ணுக்குக் ‘கிக் கிக் கிக்’ என்ற கத்தல் மட்டுமே. காகம் கூடு கட்டும் காலம் பார்த்துத்தான் குயிலின் காலமும் அமைகிறது, முட்டையை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டுமே. அதில் பொரிக்கும் குயில் குஞ்சு, காக்கைக் குஞ்சுகளை வெளியே தள்ளாமல் கூடவே வளர்வதும் நடக்கிறது. ஆக, நவம்பரில் ஊரடங்கு போட்டிருந்தால் நாம் இத்தனை குயிலைக் கேட்டிருக்க மாட்டோம். ‘இயற்கை அமைதியாகிவிட்டது’ என்று கவலைப்பட்டுக்கூட எழுதியிருப்போம்.

அடுத்தது சத்தம். எங்கள் வீட்டிலிருந்து தேசிய நெடுஞ்சாலை கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரியும். பெங்களூருவிலிருந்து சேலம் நோக்கிப் போகும் 44-ம் எண் சாலை கிருஷ்ணகிரியையும் தருமபுரியையும் ஊடுருவிக்கொண்டு போகிறது. சென்னைச் சாலை வேறு இங்கே வந்து சேர்கிறது. லாரி ஓசை எங்களுக்கு ஒரு நாளும் நின்றதில்லை. 2020 ஏப்ரலில் அது கிட்டத்தட்ட நின்றது. அந்த மாதம் முழுக்க தமிழ்நாட்டில் தொற்றே பதிவாகாத பச்சை மண்டலமாக எஞ்சியிருந்த ஒரே மாவட்டம் கிருஷ்ணகிரி. ரோட்டில் வண்டி இல்லை, ஊரில் நோயும் இல்லை, ஒரு மாதிரி விசித்திரமான நிசப்தம். மே தொடக்கத்தில் அந்தப் பச்சையும் போய்விட்டது. 2021-ல் சரக்கு லாரிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன, பஸ்ஸும் கார்களும் மட்டும் அடங்கின. இரண்டையும் ஒரே ‘ஊரடங்கு அமைதி’ என்று சேர்த்துப் பேசுவது சரியில்லை.

அமைதி என்ன செய்கிறது என்பதில் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. திறந்த வெளியில் ஓர் ஒலியிலிருந்து நாம் இரண்டு மடங்கு தூரம் விலகினால் அதன் அளவு சுமார் 6 டெசிபல் குறையும். இதைத் திருப்பிப் போடுங்கள். பின்னணி இரைச்சல் 6 டெசிபல் இறங்கினால், முன்பு நூறு மீட்டரோடு அமுங்கிப்போன குருவியின் குரல் இருநூறு மீட்டரிலிருந்தும் காதுக்கு எட்டும். தூரம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்கு. அதாவது, ஒரு குருவிகூடக் கூடாமலேயே நம் காதில் விழும் குருவிகள் நான்கு மடங்காகிவிடும். காற்று, மரம், சுவர் எல்லாம் இந்தக் கணக்கை முன்னே பின்னே ஆக்கும். ஆனாலும் ‘திடீரென்று இத்தனை பறவையா’ என்ற வியப்பில் பெரும் பங்கு இதற்குத்தான் போக வேண்டும் என்பது என் எண்ணம்.

இரைச்சல் இறங்கியது உலகம் முழுக்க நடந்தது. நிலநடுக்கத்தை அளக்கும் கருவிகள் நம் நடமாட்டத்தின் அதிர்வையும் பதிவு செய்யும். 2020 மார்ச் முதல் மே வரை அந்த அதிர்வு சில இடங்களில் பாதி வரை குறைந்ததைப் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து காட்டினார்கள். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் இன்னும் சுவையான ஒன்று நடந்தது. தலையில் வெள்ளைக் கோடு போட்ட ஒரு சிட்டின் பாட்டை அங்கே பல வருடமாகப் பதிவு செய்து வந்திருந்தார்கள். ஊரடங்கில் நகர இரைச்சல் 1950-களின் அளவுக்கு இறங்கியது. சிட்டுகள் குரலைத் தாழ்த்திக்கொண்டன. தாழ்த்திப் பாடியும் அவற்றின் பாட்டு முன்பைப்போல இரண்டு மடங்கு தூரம் போனது, பாட்டின் தரமும் கூடியது. ஆக, பறவைகளிடமும் மாற்றம் நிஜமாகவே இருந்தது. சந்தைக் கடையில் கத்திக் கத்திப் பேசுகிறவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி.

எண்ணிக்கை விஷயத்திலும் ஒரு பெரிய ஆய்வு வந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 82 வகைப் பறவைகளைப் பார்த்ததில் 66 வகைகளின் இருப்பு மாறியிருந்தது. பெரும்பாலானவை ரோடு, விமான நிலையம் மாதிரி மனிதர் நடமாட்டம் குறைந்த இடங்களுக்கு நெருங்கி வந்திருந்தன. மனித நடமாட்டம் இப்படி உலகளவில் ஒரேயடியாக நின்ற காலத்தை ஆய்வுலகில் ‘மனித இடைநிறுத்தம்’ என்ற பொருளில் ஒரு புதுச் சொல்லால் குறித்தார்கள். வேறு எப்படியும் நடத்திப் பார்க்க முடியாத ஒரு சோதனை அது.

ஆனால் இதன் மறுபக்கத்தை யாரும் பார்வர்டு செய்யவில்லை. அதே ஊரடங்கின் முதல் ஆறு வாரத்தில், உணவுக்காகவும் உள்ளூர் விற்பனைக்காகவும் காட்டுயிர்களை வேட்டையாடிய சம்பவங்கள் இந்தியாவில் 35-லிருந்து 88 ஆகப் பெருகியதாக, இந்த வணிகத்தைக் கண்காணிக்கும் டிராபிக் அமைப்பு சொன்னது. ஊடகங்களில் வந்த செய்திகளை மட்டும் வைத்து எடுத்த கணக்கு அது. வேலை போனது, இறைச்சிக் கடை மூடியது, கண்காணிப்பும் குறைந்தது. ஓட்டல் எச்சிலையையும் சுற்றுலாக்காரர்களின் பொட்டலத்தையும் நம்பியிருந்த தெருநாய், காக்கை, சாலையோரக் குரங்கு எல்லாம் பட்டினி கிடந்தன. இயற்கைக்கு ஓய்வு கிடைத்தது என்று மொத்தமாகச் சொல்லிவிட முடியாது.

இதையெல்லாம் கழித்துப் பார்த்தால் என் ஜன்னலில் மிச்சமாக நிற்பது ஒன்றுதான்: அவை எங்கேயும் போகவில்லை, நான்தான் அங்கே இல்லை. வீட்டுக்குள் அடைபட்ட லட்சக்கணக்கான பேருக்கு இதுதான் நடந்திருக்க வேண்டும். 2020 மே 9-ல் நடந்த உலகப் பறவை கணக்கெடுப்பு நாளில் 50,000 பேருக்கு மேல் கலந்துகொண்டார்கள். அதுவரை இல்லாத எண்ணிக்கை. பலரும் வீட்டு வாசலையும் மொட்டை மாடியையும் தாண்டவில்லை.

ஒரே இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருப்பதில் ஒரு லாபம் இருக்கிறது. காட்டுக்குப் போனால் நாம் நடக்கிறோம், அவை ஓடுகின்றன. அறைக்குள் இருட்டில் இருக்கிறவனை வெளியே வெயிலில் இருக்கும் குருவியால் சரியாகப் பார்க்க முடியாது. அதனால் ஜன்னல் நல்ல மறைவிடம். இரண்டு மூன்று நாளில் ஆள் ஆளாக அடையாளமும் பிடிபடும். வாலில் நுனி இல்லாத அணில் ஒன்று, ஒற்றைக் காலை லேசாகத் தூக்கி நிற்கும் மைனா ஒன்று என்று எனக்கே ஒரு பட்டியல் சேர்ந்தது. பறவையியலுக்கு இது புதிதில்லை. சலீம் அலி 1930 வாக்கில் வேலை இல்லாமல் மும்பைக்கு அருகே கிஹிம் என்ற கடற்கரை ஊரில் இருந்தபோதுதான் பக்கத்திலிருந்த தூக்கணாங்குருவிக் கூடுகளை மாதக்கணக்கில் கவனித்தார். ஆண் பாதிக் கூடு கட்டும், பெண் வந்து பார்த்துப் பிடித்தால் குடியேறும், அப்புறம் ஆண் அடுத்த கூட்டைக் கட்டப் போய்விடும் என்ற விவரமெல்லாம் அந்த வேலையில்லாக் காலத்தின் வரவு.

ஆறாம் நாள் மதியம் நடந்ததைச் சொல்ல வேண்டும். தவிட்டுக் குருவிகள் எப்போதும் சளசளவென்றுதான் இருக்கும். அன்று சத்தம் மாறியது. ஏழெட்டும் ஒரே திசையைப் பார்த்து, இறக்கையைத் தாழ்த்தி, கரகரவென்று கத்தின. மாமரத்தில் வால்நுனி இல்லாத அணில் தலைகீழாக அடிமரத்தில் ஒட்டிக்கொண்டு ‘கீச் கீச்’ என்றது. ஒவ்வொரு கீச்சுக்கும் அந்த மொட்டை வால் ஒருமுறை தூக்கிவாரிப் போட்டது. கரிச்சான் கம்பியிலிருந்து இறங்கி வந்தது. மூன்று வெவ்வேறு உயிர்கள் ஒரே இடத்தைக் குறி வைத்துத் திட்டிக்கொண்டிருந்தன. துவைக்கும் கல்லுக்குப் பின்னாலிருந்து ஆறடிச் சாரைப்பாம்பு மெதுவாக வெளியே வந்தது. நான் ஜன்னல் வழியாகக் கத்தியதில் அம்மா கோலோடு ஓடி வந்தார். வந்தவர் பார்த்துவிட்டு, “சாரைடா. எலி புடிக்க வந்திருக்கும். அது பாட்டுக்குப் போவட்டும். நீ மாத்திரை போட்டியா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். பாம்பு வேலியைத் தாண்டும் வரை குருவிகள் விடவில்லை, கிளை கிளையாகக் கூடவே போய் வழியனுப்பின. எதிரி வந்தால் பதுங்குவதை விட்டு இப்படிக் கூட்டமாகச் சூழ்ந்து கத்துவது பல பறவைகளிடம் உண்டு. ‘உன்னைப் பார்த்துவிட்டோம்’ என்று தெரிந்துவிட்டால் ஒளிந்து பிடிக்கிற எதிரிக்கு அங்கே வேலை இல்லை. ஒரு ஜாதியின் எச்சரிக்கை இன்னொரு ஜாதிக்கும் புரிகிறது. அதற்குப் பிறகு குருவிச் சத்தம் மாறினாலே எழுந்து எட்டிப் பார்க்க ஆரம்பித்தேன். பாதிக்கு மேல் பூனைதான்.

கறிவேப்பிலைச் செடியில் வேறு ஒரு கதை ஓடிக்கொண்டிருந்தது. இலை மேல் காக்கை எச்சம் மாதிரி பழுப்பும் வெள்ளையுமாக ஒட்டியிருந்த ஒன்று நகர்ந்தது. கறிவேப்பிலை அழகி என்ற பட்டாம்பூச்சியின் புழு அது. சின்ன வயதில் எச்சம் போல வேஷம், கடைசியாகத் தோல் உரித்ததும் இலைப் பச்சை. தொந்தரவு செய்தால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கவைக் கொம்பை நீட்டி ஒரு நெடியை விடும். வளர்ந்து பறக்கிற பெண்களில் சில, பறவைகள் கொத்தித் துப்பும் ரோஜா அழகி என்ற நச்சுப் பட்டாம்பூச்சியின் சாயலில் சிவப்புப் புள்ளியோடு திரியும். எனக்கு வாசனை போயிருந்த நேரம் அது. மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரிக்காரனுக்கு மூக்கு போவது எவ்வளவு பெரிய தண்டனை என்று சொல்லத் தேவையில்லை. முக்காலியில் அறுத்து வைத்த பழத்தின் மணம் எறும்புக்குத் தெரிந்தது, எனக்குத் தெரியவில்லை.

பயத்தோடு பார்த்தால் தெரிந்த பூச்சிகூடப் பூதமாகிவிடும் என்பதற்கு எங்கள் மாவட்டமே சாட்சி. 2020 மே கடைசியில் வடக்கே ராஜஸ்தான், மத்தியப் பிரதேசப் பக்கம் பாலைவன வெட்டுக்கிளிப் படை இறங்கி, டிவி முழுக்க அதுதான் ஓடியது. அந்த வாரத்தில் வேப்பனப்பள்ளி பக்கம் நேரலகிரியில் எருக்கஞ்செடிகளை வெட்டுக்கிளிகள் மொய்த்திருப்பதைப் பார்த்து ஊர் கலங்கிப்போனது. அதிகாரிகளும் வேளாண் விஞ்ஞானிகளும் வந்து பார்த்து, இது அந்தப் படை இல்லை, உள்ளூர்ப் பூச்சிதான் என்று சொன்னார்கள். எருக்கில் மேயும் வெட்டுக்கிளியை என் வேலியிலும் பார்த்தேன். மஞ்சளும் நீலப்பச்சையுமாகத் திருவிழாப் பொம்மை மாதிரி இருக்கும். எருக்கம்பாலில் இருக்கிற விஷத்தை உடம்பில் சேர்த்துக்கொள்வதால்தான் அந்தப் பகட்டு, ‘என்னைத் தின்னாதே’ என்ற போர்டு. வருடா வருடம் வேலியில் இருந்ததுதான். அந்த ஒரு வாரம் மட்டும் எல்லாரும் உற்றுப் பார்த்தார்கள். வௌவாலுக்கும் அந்தக் காலத்தில் இதே கதிதான். பழந்தின்னி வௌவால்கள் சிலவற்றில் வேறு வகை கொரோனா கிருமி இருந்ததாக 2020 ஏப்ரலில் ஓர் ஆய்வு வந்தது. அது கோவிட்-19 கிருமி இல்லை என்ற பாதியை விட்டுவிட்டு மீதியை மட்டும் பேசினோம்.

இப்படிப் பார்ப்பதைக் குறித்து வைத்தால் அது வெறும் பொழுதுபோக்காக நின்றுவிடாது. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நான்கு நாளும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஒரு இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்ததையும் கேட்டதையும் எண்ணி இ-பேர்டு இணையதளத்தில் ஏற்றினால் போதும். காக்கை மூன்று என்பதும் தகவல்தான். அரிய பறவையை மட்டும் எழுதி, காக்கையை விட்டுவிட்டால், காக்கை குறைந்த வருடம் யாருக்கும் தெரியாமலே போய்விடும். ஊரடங்கில் பறவைகள் கூடினவா என்று நம் ஊரில் உறுதியாகச் சொல்ல வேண்டுமானால், அதற்கு முந்தைய கோடைகளில் அதே ஜன்னலில் அதே நேரத்தில் யாராவது எண்ணியிருக்க வேண்டும். நான் எண்ணவில்லை. சான் பிரான்சிஸ்கோவில் பழைய பதிவுகள் கையில் இருந்ததால்தான் சிட்டின் பாட்டு மாறியதைக் கண்டுபிடிக்க முடிந்தது.

கடைசியாகக் குளவி. எட்டாம் நாள் ஜன்னல் சட்டத்தின் மூலையில் ஒரு குளவி ஈரமண் உருண்டை கொண்டுவந்து சின்னப் பானை வனைந்தது. அம்மா வெளியிலிருந்து பார்த்துவிட்டு, “குளவி கூடு கட்டினா வீட்டுல பிள்ளை பொறக்கும்” என்றார். அண்ணி சட்டென்று அடுப்படிக்குள் போய்விட்டார். புழுவைக் கொண்டுவந்து அடைத்து, குளவி கொட்டிக் கொட்டிப் புழுவையே குளவி ஆக்கிவிடும் என்று நம்மில் ஒரு பழைய உவமை உண்டு. குருவையும் சீடனையும் சொல்ல எத்தனையோ மேடையில் பயன்பட்டது. நிஜம் கொஞ்சம் கொடூரமானது. குளவி முதலில் பானையின் உள்ளே மெல்லிய இழையில் ஒரு முட்டையைத் தொங்க விடுகிறது. பிறகு பச்சைப் புழுக்களைக் கொட்டி, சாகாமல் செயலிழக்க மட்டும் செய்து, ஒவ்வொன்றாக உள்ளே திணித்து வாயை மண்ணால் அடைக்கிறது. முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்கு அழுகாத சாப்பாடு. நான் பார்த்த அன்று ஐந்து புழு உள்ளே போனது. அடைக்கும் முன்பு, குளவி இல்லாத நேரம் பார்த்து, பச்சையாக மினுமினுக்கும் வேறொரு சின்னக் குளவி வந்து பானையை மோந்து பார்த்துவிட்டுப் போனது. அடுத்தவர் கூட்டில் தன் முட்டையை வைத்துவிட்டுப் போகும் வகை அது. உள்ளே வைத்ததா இல்லையா என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை.

பத்து நாள் முடிந்து அறையை விட்டு வெளியே வந்தேன், வேலை சேர்ந்துகொண்டது. ஜூன் கடைசியில் ஒரு நாள் நினைவு வந்து போய்ப் பார்த்தால் பானையில் மிளகு அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. எது வெளியே போனதென்று தெரியவில்லை. அந்த மார்கழியில் பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தவர் ஜன்னல் அருகே நின்று, “சார், இந்த மண்ணைச் சுரண்டிடட்டுமா?” என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அம்மா முந்திக்கொண்டார்: “அது கெடக்கட்டும்பா. சுத்தி அடிச்சிட்டுப் போ.”